தீர்த்தம் ஊற்றிய ஆவி மிஷின்

நொச்சிக்குப்பம்,
சென்னை.
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் டயானாவுக்கு அம்மா தேசம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. டப்ளினில் உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். எல்லோரும் கடிதத்தில் இப்படித்தான் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பிப்பார்கள், அதனால் நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிஜமாகவே உன் நைனா நலம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டீயில் சர்க்கரை போதவில்லை என்று உள்ளே இருந்து சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார், மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனால் இப்படிச் சத்தம் போட முடியாது. மருந்துக்கடை ஷரீஃப் பாயின் மகன் காஷிஃப் லீவு முடிந்து இந்த வாரம் உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இறால் ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். நெத்திலிக் கருவாடும் வைத்தேன், விமானத்தில் இருக்கிற மொத்த ஜனமும் இறங்கிவிடும் அத்தை என்று அவன் கும்பிட்டதால் எடுத்துவிட்டேன்.

முதலில் அந்த ஃபோட்டோ விஷயம். உன் தம்பி அஜித்குமார் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டானே, நைனா ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தில் மாஸ்க்கோடு சாய்ந்திருக்க நம் கோயில் ஃபாதர் அவர்மேல் குனிந்திருக்கும் ஃபோட்டோ, அதன் கீழே உடைந்த இதயமாக வரிசையாகப் போட்டு எங்கள் நைனாவுக்காக செபியுங்கள் என்று வேறு எழுதியிருந்தானே, அதைப் பார்த்துவிட்டு சாகப்போகிற நைனாவுக்குக் கடைசி எண்ணெய் பூசுகிறார்கள், அவஸ்தை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாய். இந்த மாதக் கடைசியில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்காரர்கள் செப்டம்பரில் சேர்த்துவிடுவதாகச் சொன்ன நர்ஸ் படிப்பும் வேண்டாம் என்று செய்தி அனுப்பினாய். டயானா, ஃபாதர் அவஸ்தை பூசவில்லை. மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். உன் நைனா மடியில் கட்டிப்பிடித்து வைத்திருந்த ஒன்றை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன், எதையும் மறைக்கப்போவதில்லை. படித்து முடித்த பிறகு நீ வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்.

நைனாவின் மூச்சுக்குக் காற்றை ஈரமாக்க நீ ஆன்லைனில் போட்டு அனுப்பிய ஆவி மிஷின் ஈஸ்டர் முடிந்த கையோடு வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்று, குட்டிப் பானைக்கு மூக்கு வைத்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஸ்விட்ச் போட்டதும் மூக்கு வழியாகப் புகை மாதிரி வந்தது, கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. உன் நைனாவுக்கு அங்கேயே மனக்குறை. ஆவின்னா சுடணும்மே, இது இன்னா ஐஸ் பொட்டிய தொறந்தா மாதிரி கீது என்றார். அதன் பிறகு நீ வீடியோவில் வந்து, உங்கள் முதியோர் இல்லத்தில் இந்த மாதிரி மிஷினைத் தினமும் காலிசெய்து கழுவிக் காயவைப்பார்கள், பழைய தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாய். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் உன் நைனாவை அடிக்க இந்தக் குப்பத்தில் ஆள் கிடையாது. பீடியை விடச் சொல்லி டாக்டர் சொன்னபோதும் இதே மாதிரிதான் ஆட்டினார், அதை விடுவதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று உனக்கே தெரியும். அந்த பீடியும் போட் இன்ஜின் டீசல் புகையும் சேர்ந்துதானே இந்த சிஓபிடி என்கிற நாலு எழுத்து நுரையீரல் வியாதியைக் கொண்டுவந்து வைத்தது.

மிஷினோடு வந்த புத்தகத்தை அஜித்குமார் படித்து, குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாதாம், சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டான். நைனா உட்கார்ந்து யோசித்தார். லாரித் தண்ணீர் எந்த ஏரியில் பிடித்ததோ, அது வேண்டாம். அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, அதுவும் வேண்டாம். கேன் தண்ணீரை எந்தச் சந்தில் வைத்து அடைக்கிறானோ. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் கண்ணில் மாதா பீடத்துக்குக் கீழே இருந்த பாட்டில்கள் பட்டுவிட்டன. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரி கோயிலில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம், ஒரு வருஷத்துக்கு வேண்டும் என்று நான்தான் வரிசையில் நின்று பிடித்து வந்தது. இத்த வுட சுத்தமான தண்ணி மெட்ராஸ்ல எங்க கீது, நெஞ்சுக்குள்ள போற தண்ணி மந்திரிச்சதா போனா நல்லதுதான என்று என்னைக் கேட்டார். இல்லை, தீர்த்தம் சுத்தமில்லை என்று சொன்னால் எனக்குப் பாவம். சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட்டார்.

அடுத்து என்ன நடந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரி. கொஞ்ச நாள் போனதும் எதிர் வீட்டுக் காவேரி தயிருக்கு உறை கேட்டு வந்தவள் மாதா சொரூபத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே போட்டாள். மாதாவின் நீலச் சால்வையில், முக்காட்டில், கூப்பிய கையில் எல்லாம் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. அக்கா, மாதா மேல துன்னூறு கொட்டிக்கினு கீதுக்கா என்று அவள் போட்ட கூச்சல் மூன்றாவது மாடி வரைக்கும் போய்விட்டது. நைனா விடவில்லை. மாதா எதுக்குமே துன்னூறு தரணும், எங்க கோயில்ல சாம்பலே வருசத்துக்கு ஒரு நாளுதான், அதுவும் ஃபாதரு கையால என்று சட்டம் பேசினார். காவேரி அசரவில்லை. தாயி எல்லாருக்கும் தாயிதான, எனக்கு இன்னா புரியுமோ அத்த தந்துகீறா, உனக்கு இன்னாத்துக்கு எரியுது என்று ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு போனாள். இட்டுக்கொண்டு போனவள் சும்மா இருந்தாளா, முட்டிவலி போய்விட்டது என்று பிளாக் பிளாக்காகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், வீடு கோயிலாகிவிட்டது. நம் ஜனம் செபமாலையோடு வந்தது, காவேரி பக்கத்து ஜனம் கற்பூரத் தட்டோடு வந்தது. ஒருத்தி மெழுகுவத்தி ஏற்ற, இன்னொருத்தி சாம்பிராணி போட, கடல் காற்று அடித்தால் மாதா மேல் இருப்பது பறந்துவிடும் என்று ஜன்னலை வேறு சாத்தினார்கள், ஃபேனையும் நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில், அத்தனை புகைக்கு நடுவில், நுரையீரல் வியாதிக்காரர் உன் நைனா பிளாஸ்டிக் சேரில் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு, இடையிடையே இருமிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டிவி மேலும் அந்த வெள்ளை மாவு இருந்தது, அஜித்தின் கறுப்பு ஹெல்மெட் மேலும் இருந்தது. அதை நான் எடுத்துக் காட்டினால், வண்டிக்கும் சேர்த்து ஆசீர்வாதம் வந்துகீது என்று காவேரி ஹெல்மெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜன்னலைத் திறங்கள், புகையை அணையுங்கள் என்று நான் கத்தினேன். என் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஆள் இல்லை. விசுவாசம் இல்லாதவள் என்று பேர் வாங்கினதுதான் மிச்சம்.

இதில் பெரிய வினை என்ன தெரியுமா? தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, கால் படக் கூடாது, சாக்கடையில் கலக்கக் கூடாது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் உன் நைனா மிஷினைக் காலி செய்யவே இல்லை. தண்ணீர் குறையக் குறையப் பழைய தண்ணீர் மேலேயே புதுத் தீர்த்தத்தை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தார். என்னைக் கழுவ விடுவாரா என்றால் அதுவும் இல்லை, மீன் கையால அத்த தொடாத என்று உத்தரவு. நான் மீன் விற்று வளர்த்த கைதான் உன்னை டப்ளினுக்கு அனுப்பியது, அந்தக் கையைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு நாள் பக்கத்தில் போனபோது எனக்கு நாற்றம் அடித்தது. ஐஸ் போடாமல் வெயிலில் வைத்த மீனை நான் பத்தடி தள்ளி நின்றே சொல்வேன், இது அந்த மாதிரி இல்லை, ஆனால் அதற்குச் சொந்தக்காரன். சொன்னேன். நீயே ஒரு மீன் கூடை, நாத்தம் உன்னாண்டருந்து வருது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு வெறும் ரசம்தான் வைத்தேன்.

அடுத்த வாரத்திலேயே அவருக்குக் குளிர் எடுத்து ஜுரம் வந்தது. சளியின் நிறம் மாறியது. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய் வருவதற்குள் உதடு நீலம் பாரித்து, பேச வராமல் கையை மட்டும் ஆட்டினார். டயானா, அப்போது நான் பயந்தேன். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்பதற்காகப் பயப்படவில்லை என்று நினைக்காதே, ஆட்டோவில் அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனபோது என் வாயில் செபம்கூட வரவில்லை, டிரைவரை வேகமா போ, வேகமா போ என்று திட்டத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மருந்தைப் புகையாக இழுக்கிற மாஸ்க்கை மாட்டி, ஒரு வழியாக மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மயிலாப்பூர் டாக்டர் கல்யாணராமன் வந்து பார்த்துவிட்டு, ஆத்துல புதுசா ஏதாவது மாறித்தா, பெயின்ட் அடிச்சேளா, புகை ஏதாவது உண்டா என்று கேட்டார். உன் நைனா மாஸ்க்குக்குள்ளிருந்தே ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். நான் அந்தத் தலையைப் பிடித்து நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். அஜித்குமார் தண்ணீரோடு அப்படியே மீன் பையில் போட்டுக் கொண்டுவந்தான். டாக்டர் மூடியைத் திறந்தார், திறந்த வேகத்தில் மூடினார். உள்ளே பாசி மாதிரி வழவழவென்று பிடித்திருந்தது. இதனாலதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, ஆனா இதுல வளர்ந்ததெல்லாம் பனியோட பனியா நேரா நெஞ்சுக்குள்ள போறது, பாதி வேலை செய்யற நுரையீரல் அதைத் தாங்காது என்று சொல்லிவிட்டு, கடலுக்கு எதுத்தாப்பல குடியிருக்கேள், காத்துலயே தண்ணி சொட்டறது, இதுக்கு மேல ஈரத்துக்கு மிஷின் எதுக்கு என்று கேட்டார். எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை, பார். உனக்கு அங்கே ஹீட்டர் போட்டு மூக்கெல்லாம் காய்கிறது, நீ உன் மூக்கை வைத்து நைனாவுக்கு வாங்கி அனுப்பிவிட்டாய்.

நர்ஸம்மா டேங்கை வாங்கி வாஷ்பேசினில் கொட்டப் போனாள். அவ்வளவுதான், எழுந்து உட்காரத் தெம்பில்லாத மனுஷன் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தீர்த்தம்மா அது, கை கழுவற எடத்துல ஊத்துவியா என்று மாஸ்க்குக்குள்ளேயே கத்த, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி மிஷின் கூ கூ என்று அலற, நர்ஸம்மா ஒரு பக்கம் இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுக்க, வார்டே எழுந்து வேடிக்கை பார்த்தது. நான் சேலையால் முகத்தை மூடிக்கொண்டேன். டாக்டர் மட்டும் கோபப்படவில்லை. உங்க ஃபாதர் சொன்னா கேப்பாரா, அவரைக் கூட்டிண்டு வாங்கோ என்றார்.

ஃபாதர் வந்தார். மிஷினைப் பார்த்தார், உன் நைனாவைப் பார்த்தார், குனிந்து டேங்கை மோந்து பார்த்தார். உன் தம்பி வாசலில் நின்று ஃபோட்டோ எடுத்தது அந்த நேரத்தில்தான். ஃபாதர் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது ஃபோட்டோவில் வரவில்லை, நான் எழுதுகிறேன். வேதநாயகம், தண்ணிய மந்திரிச்சா அது புனிதமாகும், பாசி புடிக்காதுன்னு நான் எந்தப் பிரசங்கத்துல சொன்னேன் என்று கேட்டார். நம்ம கோயில் போர் தண்ணியே உப்பு, அதுல நான் வேற உப்பை மந்திரிச்சுப் போடறேன், அந்த உப்புதான் பனியோட பறந்து போய் மாதா மேல ஒக்காந்திருக்கு, என் பாத்ரூம் குழாயிலயும் வருஷம் பூரா அதே வெள்ளை படியுது, அங்க வந்து ஒருத்தரும் மெழுகுவத்தி ஏத்தலையே என்றார். உன் நைனா டேங்கைப் பார்த்தபடி, அப்ப இத்த எங்க ஊத்தறது என்று சின்னக் குரலில் கேட்டார். மண்ணில், ஆள் மிதிக்காத இடத்தில், செடிக்கோ மரத்துக்கோ ஊற்றலாம் என்று சொல்லி, ஃபாதரே டேங்கைத் தூக்கிக்கொண்டு கீழே போய் ஆஸ்பத்திரிப் புங்க மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். வேர்ல ஊத்தினீங்களா, வழியில ஊத்தினீங்களா என்று இவர் விசாரணை வேறு. ஃபாதர் காலி டேங்கை என் கையில் கொடுத்து, தேசம்மா, இனிமே இது உங்க டிபார்ட்மென்ட் என்றார். மீன் கையில்தான் கொடுத்தார் என்பதை உன் நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் அஜித்தின் ஸ்டேட்டஸ் ஊரைச் சுற்றிவிட்டது. காசிமேட்டிலிருந்து உன் சித்தப்பா ஆண்டனி உன் நைனாவின் போனுக்கே அடித்து, போனை யார் எடுத்தது என்றுகூடக் கேட்காமல், எப்ப எடுக்கறாங்கோ என்று அழுதிருக்கிறார். இன்னாத்த எடுக்கறது என்று உன் நைனா கேட்டார். பாடியத்தான் என்றாராம். பாடிதான் பேசிக்கினு கீது, போன வைடா என்றார் உன் நைனா. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே அன்றைக்கு நிறையச் சளி வெளியே வந்தது, மருந்தைவிட இது நல்லா வேலை செய்கிறது என்று நர்ஸம்மா சொன்னாள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாதாவைத் துடைத்தாயிற்று, டிவியைத் துடைத்தாயிற்று, ஜன்னல் எப்போதும் திறந்திருக்கிறது, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் இந்த வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காவேரி கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் உப்பு என்பதையும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு பொட்டலம் மடித்து வைத்திருக்கிறாளாம். மிஷினை எடுத்துப் பரண்மேல் போடவில்லை. நெஞ்சில் சளி கட்டியாக நின்று வராமல் இருந்தால் மட்டும், தன்னைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம், கட்டிலுக்குத் தள்ளி வைத்து ஓட்டலாம் என்றார் டாக்டர். சுவரோ ஜன்னல் கண்ணாடியோ வேர்த்தால் உடனே நிறுத்த வேண்டும். அதற்கு உப்பில்லாத வாலை வடித்த தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்றதும் உன் தம்பி ஒர்க்‌ஷாப்பிலிருந்து பேட்டரிக்கு ஊற்றுகிற கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், அதுவும் அதே தண்ணீர்தானாம். நல்ல வேளை ஷரீஃப் பாய் வழியில் பார்த்துவிட்டு, இன்னா தம்பி, அப்பாவுக்கு சார்ஜ் ஏத்தப் போறியா என்று கேட்டு, மருந்துக்கடையில் இதற்கென்று விற்கிற பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். விக்ஸ், கற்பூரம், நீலகிரித் தைலம் எதையும் அதில் போடக் கூடாது, மூச்சுக்குழாய் இன்னும் இறுகும் என்றும் சொன்னார், நான் போடலாமா என்று கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

கழுவுவது என் வேலை. ஓட்டி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துக் காயவைக்கிறேன். அடியில் கரண்டு இருக்கிற பாகத்தைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, வாசனை போகிற வரைக்கும் அலசுகிறேன். நேற்று ஐஸ் உருகின தண்ணீரோடு இன்றைக்கு மீன் பெட்டியை நான் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போவேனா? அதே கதைதான் இதுவும். உன் நைனா ஒவ்வொரு தடவையும் வந்து எட்டிப் பார்த்து, நல்லாத்தான் கழுவற என்கிறார். எனக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறாராம். இழுக்கிற மருந்தை வேளை தவறாமல் இழுக்கிறார், இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கிறார். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதை வாசலில் நின்று செய்யப்போய், இந்த வயசுல என்னைப் பாத்து விசிலு அடிக்கிறியா என்று காவேரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி உன் விஷயம். நான் அனுப்பிய மிஷின்தான் நைனாவை ஆஸ்பத்திரியில் போட்டது என்று நீ அழுததாக அஜித் சொன்னான். அப்படி நினைக்காதே கண்ணு. நீ கழுவச் சொன்னாய், உன் நைனா கழுவவில்லை, இதில் நீ எங்கே வந்தாய். உன்னுடைய செய்தியை அஜித் வார்டில் படித்துக் காட்டினபோது அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, எம் பொண்ணு வருதா என்று கேட்டு, அதுவரை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த இட்லியை எடுத்துத் தின்றார். உன்னிடம் எதையும் மறைக்கமாட்டேன் என்றேன், அதனால் இதையும் எழுதுகிறேன். ஆனால் மறுநாள் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டு, நான் ஊத்துன தண்ணிக்கு அது ஏன் படிப்ப வுடணும், வராதன்னு சொல்லு என்றார். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு இட்லி தின்னவில்லை.

டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார், இந்த வியாதி போகாது, கெட்டுப்போன நுரையீரல் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னொரு முறை இப்படி நெஞ்சில் தொற்று வந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டி வரலாம். வரக்கூடாது என்றுதான் நான் கழுவிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே யார் யாருடைய அப்பாவுக்கோ சோறு ஊட்டுகிறாய், குளிப்பாட்டுகிறாய், சொந்த அப்பாவை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று உனக்கு வலிக்கும், எனக்குத் தெரியாதா. ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று சொன்னவள் நீ, இங்கே எந்தக் காலேஜும் கிடைக்காமல் அழுதவள் நீ, இப்போது அவர்களே கூப்பிட்டுப் படி என்று சொல்லும்போது அதை விட்டுவிட்டு வந்து நீ என்ன செய்யப் போகிறாய், மிஷினைக் கழுவவா? அதற்கு நான் இருக்கிறேன். நீ நிஜமாகவே வந்தாக வேண்டிய நாள் வந்தால் நானே கூப்பிடுவேன். மாதா மேல் சத்தியம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடமாட்டேன், அஜித்தின் ஸ்டேட்டஸைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளும்படி விடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் காயவைத்துக்கொண்டு வெளியே போ, குளிரில் காதை மூடு. மாதா உன்னைத் தன் சால்வைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள், உன் படிப்பு நல்லபடியாக முடியும், நானும் நைனாவும் உன்னை நினைக்காமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. காஷிஃபிடம் ஊறுகாயை மறக்காமல் கேட்டு வாங்கு, அவன் மறந்தது மாதிரி இருப்பான்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். போனில் உன் முகம் தெரியும், அம்மா நான் வந்துடட்டுமா என்று கேட்பாய், கேட்டால் நான் அழுதுவிடுவேன், வா கண்ணு என்றும் சொல்லிவிடுவேன், என் வாய்க்கு வேறு ஒன்றும் சொல்ல வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நான் சொல்வதைக் கேட்காதே. நான் சொன்னது இந்தத் தாளில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
வே. தேசம்மா